வலிக்கு இழுத்த சிவப்புக் கோடு

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியசாலை. நான் வெள்ளையடித்த சுவரில் படம் வரைய வந்த, திருப்பதியில் ஓவியம் படித்த ரேவதி கோணல்மாணலாக ஒரு சிவப்புக் கோடு இழுத்து, "இதாண்ணா வலி" என்றாள்.

"கொழந்த கிறுக்கினா அடிக்கிறோம். நீ கிறுக்கினா மாடர்ன் ஆர்ட்டா?" என்று கத்தினேன். அவள் சாப்பிடப் போனதும் பாதியை வெள்ளையடித்து மறைத்தேன்.

கை முறிந்து உட்கார்ந்திருந்தவர் பதறினார். "யோவ், ஏன்யா அழிக்கிற? காலையிலேர்ந்து வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கேன், என் பொண்டாட்டி நம்பல. அத்தக் காட்டினப்புறம்தான் வாய மூடினா!"

மனைவி சுவரைப் பார்த்தாள். "இப்பப் பாதி வலிதானே இருக்குது. எழுந்து வாய்யா, பஸ்ஸப் புடிக்கலாம்."

ரேவதி திரும்பி வந்ததும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை நானே திறந்து கொடுத்தேன்.

அந்த மாதிரி ஓவியம் இன்றும் எனக்குப் புரிவதில்லை. ஆனால் எதையும் அழிக்கும் முன், அதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.