பிக்கப்புக்குச் செம்மஞ்சள் றிம்

1. சுற்றாத சில்லு

மைஸ்டர் கையால் சில்லைச் சுற்றினார். அது சுற்றவில்லை. இன்னொரு தரம் பலமாகத் தள்ளினார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்ததே தவிர, சில்லு அசையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஜேர்மனியில், எசன் நகரத்தில் ஒரு ரயர் கடையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மைஸ்டரிடம், அதாவது பட்டறையின் தலைமை மெக்கானிக்கிடம், அப்படியொரு பார்வையை மூன்று தரம்தான் வாங்கியிருக்கிறேன். இது இரண்டாவது.

அன்று வெள்ளிக்கிழமை காலை. லிஃப்டில் நின்றது யோகராசா அண்ணையின் பிக்கப். அண்ணை கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். மறுநாள் சவர்லாந்து மலைப்பக்கத்தில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அங்கே ஏற்கெனவே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வண்டியோடு வந்தவை கோடை ரயர்கள். அவற்றோடு மலை ஏறினால் போலீஸ் பிடிக்கும். போலீஸ் பிடிக்க முன்னம் பள்ளம் பிடிக்கும். அதற்காகத்தான் குளிர்கால ரயரும் றிம்மும் ஓடர் கொடுத்திருந்தோம். தெரிவு செய்தவள் நான்.

2. சிங்கம் மாதிரி

பத்து நாட்களுக்கு முன் அண்ணை தன் மனைவி சாந்தி அக்காவோடு கடைக்கு வந்தார். பழைய வானை விற்றுவிட்டு இந்தப் பிக்கப்பை வாங்கிய சந்தோசப் புளுகம் முகத்திலேயே தெரிந்தது. கைத்தொலைபேசியில் ஒரு படத்தை நீட்டினார். கன்னங்கரேலென்று மினுங்கும் இருபது இஞ்சி அலுமினிய றிம்.

"தங்கச்சி, இதுதான் வேணும். வண்டி சிங்கம் மாதிரி நிக்கோணும்."

"நிக்கும் அண்ணை. பிரேக் அடிச்சால்தான் நிக்காது," என்றேன்.

அவருக்கு விளங்கப்படுத்தினேன். றிம் பெருத்தால் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெலியும். பனிக்குக் கீழே ஒளிந்திருக்கும் குழியில் விழுந்தால் அடி நேரே றிம்மில் விழும். பனி உருக வீதிக்குப் போடும் உப்பு அந்த மினுக்கத்தை ஒரே குளிரில் தின்றுவிடும். அகலமான ரயர் பனிக்கு மேலே மிதக்கும். ஒடுக்கமானது பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். சங்கிலி போட வேண்டி வந்தால் அதற்கும் இடம் வேண்டும். ஆகவே சின்ன றிம், உயரமான ரயர். ரயரின் பக்கத்தில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த அடையாளம் கட்டாயம்.

"பின்னால என்ன ஏத்துவியள்?" என்று கேட்டேன்.

"சாப்பாடுதான்."

சாந்தி அக்கா விடவில்லை. "சாப்பாடாம்! மா அரைக்கிற கிரைண்டர் ரெண்டு, காஸ் அடுப்பு நாலு, கிடாரம் ஆறு, சிலிண்டர், தண்ணிக் கான். இவ்வளவும் இவருக்குச் சாப்பாடு."

இது இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு ரயரிலும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு. அளவு பொருந்துகிறது என்பதற்காகக் கார் ரயரைப் பிக்கப்பில் போடக்கூடாது. அக்காவின் கிரைண்டர்களை மனதில் வைத்து அந்த எண் கூடிய ரயராகவே ஓடர் எழுதினேன். அதில் பிழை இல்லை.

"மலர், வளைவுகளில சாம்பார் ஊத்துப்படாதோ?" என்று அக்கா கேட்டார். இத்தனை வருடத்தில் குளிர்கால ரயரைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறில்லை.

கடைசியில் பதினாறு இஞ்சி இரும்பு றிம் என்று முடிவெடுத்தேன். அண்ணையின் முகம் வாடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி, உள்ளுக்க பிரேக் நல்லாப் பெரிசாக் கிடக்கு. பதினாறு அதுக்கு மேலால போகுமோ?" என்றார்.

"அண்ணை, நான் எத்தினை வண்டி பாத்திருப்பன்! நீங்கள் கறியைப் பாருங்கோ, நான் ரயரைப் பாக்கிறன்."

கொம்பியூட்டரில் அந்த மொடலுக்குப் பதினாறு பொருந்தும் என்றிருந்தது. அண்ணை கொண்டுவந்த வாகனப் பதிவுத் தாளில் ஒரேயொரு அளவுதான் இருக்கும். அனுமதித்த எல்லா அளவுகளும் COC என்ற தாளில் இருக்கும். அது வீட்டில் இருக்கிறது, பூட்டுகிற அன்று கொண்டுவாறன் என்றார். எனக்கும் அது போதுமாயிருந்தது.

3. மரம் வெட்டுகிறவர்களின் றிம்

வெள்ளிக்கிழமை அந்தத் தாள் வண்டிக்குள்ளேயே இருந்தது. சில்லு சுற்றாத பிறகுதான் நான் அதை விரித்துப் பார்த்தேன். அண்ணையின் பிக்கப்பில் இருந்தது பெரிய எஞ்சின். அதற்குப் பெரிய பிரேக், றிம் அதில்தான் இடித்து நின்றது. பதினேழு இஞ்சிக்குக் குறையக்கூடாது என்று தெளிவாக அச்சடித்திருந்தது.

"வண்டிக்காரர் இதை அன்றைக்கே சொன்னவர்," என்று மைஸ்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

"அவருக்கு என்ன வேலை?"

"சமையல்."

மைஸ்டர் தாளை மடித்து என்னிடம் தந்தார். "நல்ல சமையல்காரராக இருக்க வேண்டும்," என்று ஜேர்மன் மொழியான டொச்சில் சொன்னார்.

எங்களுக்குச் சாமான் அனுப்புகிற எல்லோருக்கும் போன் அடித்தேன். எல்லோரும் செவ்வாய்க்கிழமை என்றார்கள். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையும் பொம்பிளையும் தேனிலவுக்கே போய்விடுவார்கள். முந்நூறு பேரும் வாழையிலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது.

அப்போது மைஸ்டர் பின்பக்கக் களஞ்சியத்திலிருந்து ஒரு சில்லை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு மரம் வெட்டும் கொம்பனி ஓடர் கொடுத்துவிட்டு, வண்டியை மாற்றியதால் எடுக்காமல் விட்ட செட். பதினேழு இஞ்சி, பாரம் தாங்கும் குளிர்கால ரயர், பனிப்பூ அடையாளம், எல்லாம் இருந்தது. நிறம் மட்டும் செம்மஞ்சள். வீதிக்கு உப்புப் போடும் நகரசபை வண்டிகளின் பளீர் செம்மஞ்சள்.

இந்தத் தரம் ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் வைத்துப் பார்த்தேன். நட் துளைகள், நடு வட்டம், றிம் எவ்வளவு உள்ளே போகிறது, றிம்மின் அனுமதித் தாளில் இந்த எஞ்சின் இருக்கிறதா. எல்லாம் சரி. ஒரு சில்லைப் பூட்டி நானே கையால் சுற்றினேன். சுற்றியது. அதன் பிறகுதான் அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, பிழை என்னிலதான். பிரேக் விசயத்தில நீங்கள் சொன்னதுதான் சரி."

மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு. "அப்ப இருபது போடுவமோ?"

"ஏலாது. பதினேழு. நிறம் வந்து பாருங்கோ."

வந்தார். பார்த்தார். அக்காவும் பின்னால் வர, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தங்கச்சி, சிங்கம் கேட்டனான். நாலு தோடம்பழம் தந்திருக்கிறியள்," என்றார். சாந்தி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

4. திங்கட்கிழமை

புதிய சில்லு பூட்டினால் ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணை தன் கையாலேயே இறுக்கியிருந்தார். ஆனாலும் திங்கட்கிழமை அக்காவோடு கடைக்கு வந்தார், கதை சொல்லத்தான்.

மலையில் முழங்கால் பனியாம். ஒரு கிராமத்தில் வழி கேட்க நிறுத்தியபோது, ஒரு வயதான டொச்காரர் சில்லின் நிறத்தைப் பார்த்து இவரை நகரசபை ஆள் என்று நினைத்துவிட்டார். இரண்டு நாளாக ஏன் தன் வாசலுக்கு உப்புப் போடவில்லை என்று ஏச்சு. அண்ணைக்கு விளங்கப்படுத்த நேரமில்லை. இறங்கி, சமையல் உப்பில் இரண்டு பைக்கற்றை உடைத்து வாசலில் தூவினாராம். அந்த வயதானவர் நன்றி சொல்லிக் குறுக்கு வழியும் காட்டியிருக்கிறார்.

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"நேரத்துக்குப் போட்டது. ரசத்துக்கு மட்டும் உப்புக் காணாது எண்டு மாப்பிள்ளையின்ர மாமா சொன்னவர்."

"சாம்பார்?"

"ஒரு சொட்டும் ஊத்துப்படேல்லை," என்றார் சாந்தி அக்கா.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இதுதான். இருபது இஞ்சி கேட்ட ஆள் என்பதற்காக, அவர் சொன்ன எல்லாவற்றையும் ஆசைப் பேச்சு என்று நான் ஒதுக்கிவிட்டேன். றிம்மில் அவர் பிழை. பிரேக்கில் அவர் சரி. ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம் என்று அனுபவசாலிகளுக்கு லேசில் தோன்றுவதில்லை.

அந்த முதல் நாள் வெளியே நின்ற வண்டி என் மேசையிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். எழும்பிப் போய்க் குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் என்ன படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கதிரையை விட்டு எழும்பப் படியுங்கோ என்பேன்.