துரைசாணிப் பூ

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில், கூலிகளின் வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தோம்: நானும் என் புருஷனும், அவர் தம்பியும் தம்பி பெண்டாட்டியும். எனக்குப் பிறகு கண்டிச் சீமைக்கு வந்தவள் அவள். ஆனால் பங்களாத் தோட்ட வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நான் மழையில் அட்டைக்கடியோடு களை வெட்ட, அவள் துரைசாணியின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கொண்டையில் பூவோடு வருவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பங்களாக் குளத்தோரம் துரைசாணி எங்கிருந்தோ வரவழைத்து வைத்த செடி அது. இலையும் கிழங்கும் இஞ்சி மாதிரி. பூ வெள்ளை. ஒரு நாள் அவள் எங்கள் வாசலைக் கடந்தபோது என் புருஷன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, “என்னா வாசம்” என்றார். நான் வைத்த எந்தப் பூவுக்கும் அவர் வாய் திறந்ததில்லை.

ஒரு கிழங்கு கேட்டேன். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று துரைசாணி சொல்லியிருப்பதாகச் சொன்னாள். பெரிய இவள்! பங்களாவுக்கு விறகு கொண்டுபோன அன்று நானே ஒரு துண்டு முறித்து மடியில் கட்டி வந்து, கோப்பிப் பழம் உரிக்கும் ஆலைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் ஊன்றினேன்.

இரண்டு மழைக்காலத்தில் அது வாய்க்காலையே அடைத்துவிட்டது. நான் ஒரு பூக்கூடப் பறிக்கவில்லை. பறித்தால் நட்டது யாரென்று தெரிந்துவிடுமே.

பழம் எடுக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது. ஆலைச் சக்கரம் சுற்றவில்லை, குவித்த பழம் புளித்து நாறியது. எங்களை மேய்த்த கங்காணி அதிகம் யோசிக்கவில்லை. பங்களாச் செடிக்குப் பக்கத்தில் போகிற கை ஒன்றுதானே? புருஷனோடு அவளைப் புசல்லாவைப் பக்கம் புதிதாகக் காடு வெட்டும் தோட்டத்துக்குப் போகச் சொன்னார். அவள் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு செடியைப் பிடுங்கப் பெண்களை இறக்கினார்கள். தண்டை வெட்டினோம், எட்டு நாளில் துளிர்த்தது. கிழங்கோடு தோண்டினோம். கரையில் போட்டு எரிக்கச் சொன்னார் கங்காணி. பூச்செடியை நெருப்பில் போடலாமா என்று பெண்கள் தயங்கினார்கள். நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்:

“முளைப்பாரி கணக்கா ஆத்துல விட்டுருவோம்.”

அம்மன் திருவிழாவில் முளைப்பாரியை விடுகிற மாதிரியே குலவை போட்டு அத்தனை கிழங்கையும் ஓடையில் விட்டோம். என் களவும் அதோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். கெலிஓயா வரைக்கும் ஓடையோரம் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதாக அடுத்த மழைக்கு வண்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள்.

அதற்குள் பங்களா வேலை எனக்குக் கிடைத்திருந்தது. முதல் பூவைப் பறித்துக் கொண்டையில் சொருகி, சாயந்தரம் காம்பராவுக்குள் நுழைந்தேன். என் புருஷன் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே மூச்சை இழுத்தார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

“தம்பி பொண்டாட்டி வந்துருச்சா?”

“இல்ல,” என்றேன். “நான்தான்.”