நான் உரசிய கொக்கி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பட்டறையில் துருத்தி ஊதிப் பிழைப்பைத் தொடங்கி, நாற்பது வயதில் கோவில்பட்டியில் சொந்த நகைக்கடை போட்டவன். நான் உரைகல்லில் உரசிச் 'சரி' என்று சொன்ன நகையை இந்த வட்டாரத்தில் வேறு யாரும் மறுபடி உரசிப் பார்த்ததில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையால் ஒரு பெண் ஜெயிலுக்குப் போக இருந்தாள். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஸ்டேஷன்

916 முத்திரை நம் பக்கம் பரவிய புதிது. தராசு, உரைகல்லோடு வரச் சொல்லி ஒரு நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது.

போனால், தரையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவள். பெஞ்சில் என் வாடிக்கையாளர் சீனிவாசன், பருத்தி விவசாயி. பங்குனியில் பருத்தி எடுக்கும்போது அவர் மகளின் சங்கிலி காட்டு வெடிப்புக்குள் விழுந்து தொலைந்துவிட்டது. ஆவணியில் அதே காட்டில் ஆட்டுக்கிடை போட்ட பேச்சியம்மாள் கையில் அது கிடைத்திருக்கிறது. அவளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஆனால் கொக்கியைத் தவிர மற்ற இடமெல்லாம் பச்சைக் களிம்பு.

"நான் தொலச்சது தங்கம். இவ செம்பக் கொண்டாந்து குடுக்கா" என்றார் சீனிவாசன். "நீளம், பருமன், கண்ணி எல்லாம் அச்சு அசலா அதே மாதிரி செஞ்சு, கொக்கிய மட்டும் எடுத்து மாட்டியிருக்கா."

"களவாங்குதவன்னா எதுக்கு மொதலாளி வீடு தேடி வாரேன்? அப்படியே போயிருக்க மாட்டனா?" என்றாள் அவள். "ஆட்டுக்குக் காலையிலருந்து தண்ணி காட்ட ஆளில்ல."

"பேசாம இருடி" என்று அதட்டினார் எஸ்.ஐ.

சீனிவாசன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எஸ்.ஐ. மேஜையில் வைத்தார். என் கடைச் சீட்டு. 'சங்கிலி 916, சுத்தத் தங்கம், 32 கிராம்.' கீழே என் கையெழுத்து.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "உங்க வார்த்தைய வச்சுத்தான் அண்ணாச்சி கேஸ் எழுதப் போறேன்."

2. கொக்கி

இரண்டு வருடத்துக்கு முன், யாரோ ஒருவர் அவசரத்துக்கு விற்க, பணம் கொடுக்கும் முன் சீனிவாசன் என்னிடம் சோதிக்கக் கொண்டு வந்த சங்கிலி அது. நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சங்கிலியின் உடம்பில் உரசினால் தேய்ந்த தடம் தெரியும், வந்தவர் முகம் சுளிப்பார். அதனால் கொக்கியின் உள்பக்கத்தில் மட்டும் உரசுவோம். அன்றும் அப்படித்தான் உரசினேன். கல்லில் விழுந்த கோட்டில் ஆசிட் விட்டேன். கோடு கலையவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஸ்டேஷனில் கொக்கியைத் திருப்பினேன். உள்பக்கத்தில் ஒரு சாய்ந்த தேய்மானம். நான் இடது கைக்காரன். என் உரசல் எதிர்ப்பக்கம் சாயும். சந்தேகமே இல்லை, அது என் கைதான். லென்ஸ் வைத்து முத்திரையைப் பார்த்தேன். அசல் முத்திரையில் இருக்க வேண்டிய முக்கோணச் சின்னம் இல்லை. சோதனை செய்த இடத்தின் குறி இல்லை. கடைக்காரர் குறி இல்லை. 916 மட்டும் தனியாக நின்றது. அன்றைக்கும் அது தனியாகத்தான் நின்றிருக்கும். என் கல்லே சொல்லிவிட்டது, முத்திரை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

களிம்பைத் துடைத்துத் தராசில் போட்டேன். முப்பத்திரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. அரம் வைத்து ஒரு கண்ணியைத் தேய்த்தேன். மேலே பேருக்கு முலாம், உள்ளே நடு வரைக்கும் செம்புச் சிவப்பு.

கணக்கு எளிது. செம்பு தங்கத்தில் ஏறக்குறையப் பாதி எடைதான். சீனிவாசனே அச்சு அசல் என்று சொன்ன இந்த நீளத்துக்கும் பருமனுக்கும் தங்கமாக இருந்தால் அறுபது கிராம் காட்டியிருக்க வேண்டும். என் சீட்டில் இருப்பது முப்பத்திரண்டு. அப்படியென்றால் என் கைக்கு வந்த அன்றே அது செம்பு.

'கொக்கி தங்கம், மற்றது எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஐப்பசிக்குப் பேசி வைத்த கல்யாண ஆர்டர்கள் கண் முன் வந்தன. எஸ்.ஐ. பேனாவைத் திறந்துவிட்டார். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவ மாத்தல. இது அதே சங்கிலிதான்" என்று எடைக் கணக்கையும், அன்று கொக்கியை மட்டும் உரசியதையும் சொன்னேன்.

"அப்ப தப்பு யார் மேல?"

"வித்தவன் மேல ஒண்ணு. இந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டவன் மேல ஒண்ணு."

சீனிவாசன் சீட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "உங்கள நம்பித்தான வாங்குனேன்" என்றார். அவருக்கு முப்பத்திரண்டு கிராமில் புதுச் சங்கிலி செய்து கொடுத்தேன். தாங்கக்கூடிய கடைதான் என்னுடையது. விஷயம் பரவி, பேசி வைத்த கல்யாண ஆர்டர்கள் சில கைவிட்டுப் போயின; அவற்றில் இரண்டு திரும்பி வரவே இல்லை.

3. வாசலில்

வெளியே வந்த பேச்சியம்மாள் எனக்கு நன்றி சொல்லவில்லை. சேலைத் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒரு ஆடு வாங்கணும்னா பல்லப் பாப்பேன், மடியப் பிடிச்சுப் பாப்பேன், நடக்க விட்டுப் பாப்பேன். நீங்க காதப் பாத்துட்டு ஆட்டுக்கு வெல சொல்லியிருக்கீங்க அண்ணாச்சி."

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசாரிகூட இப்படி உறைக்கச் சொன்னதில்லை. அன்றிலிருந்து கொக்கியில் ஒன்று, நடுவில் ஒன்று, கண்ணி இணைப்பில் ஒன்று என மூன்று இடத்தில் உரசுகிறேன். முத்திரையில் ஒரு குறி குறைந்தாலும் சீட்டு கிடையாது. வந்தவர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.