எட்வேட் வைத்த பெயர்கள்

எட்வேட் படகு எஞ்சின் திருத்துபவர். நாள் முழுக்க ஓடும் எஞ்சினுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய குரல். அந்தக் குரலின் மிச்சத்தை வார இறுதிகளில் நங்கூரம் விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுத்தார்.

இளவயதில் முழங்கால் போனதால் அவருடைய உதைபந்தாட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதன்பின் கோட்டோரம் நின்று எதிரணிக்காரருக்குப் பெயர் வைப்பதே அவர் ஆடிய ஆட்டம். பந்து கைநழுவும் கோலிக்கு ‘மூடாத படலை’. தொட்டால் விழுகிறவனுக்குத் ‘தொட்டாச்சுருங்கி’. எட்வேட் ஒரு தடவை கத்தினால் போதும், அடுத்த நாள் மீன் சந்தையிலும் அவனுக்கு அதுதான் பெயர். போரில் இடம்பெயர்ந்து மடுக் கோயிலடியில் கிடந்த காலத்திலும் தண்ணீர் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பெயர் வைத்தவர் அவர். வைத்த பெயரைத் திருப்பி எடுத்ததில்லை. அது அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது வீரர்கள் கழகம் மாறுவதற்கான கடைசி நாளில். பின்னேரம் ஐந்து மணிக்கு லீக் கந்தோர் பூட்டப்படும். அதற்குள் கையெழுத்து வைக்காதவன் அடுத்த வருடம் வரை பழைய கழகம்தான்.

மதியம் எட்வேட் எஞ்சின் திருத்தும் கொட்டிலுக்கு முனவ்வர் வந்தார். உப்புக்குளத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். இளம்பிறைக் கழகத்தின் பரம ரசிகர். மைதானத்தில் எட்வேட்டுக்கு நேரெதிரே நின்று கத்துவார், ஆட்டம் முடிந்ததும் அவரைத் தன் மோட்டார்சைக்கிளில் ஏற்றி வீட்டில் விடுவார்.

“எட்வேட் அண்ணன், உங்கட வீட்டுச் சாமான் ஒண்டு எங்கட கடைக்கு வந்திட்டு.”

“என்ன சாமான்?”

“உங்கட மகன். றெனால்ட். காலையிலயே கையெழுத்து வைச்சிட்டார்.”

எட்வேட் கழற்றிக் கையில் வைத்திருந்த பிளக்கை எஞ்சினில் தேடினார்.

றெனால்ட் நடு முன்வரிசையில் ஆடப் பிறந்தவன். நங்கூரத்தில் அவனை ஓரத்திலேயே ஓடவிட்டார்கள். இளம்பிறை நடுவில் போடுவதாகச் சொன்னது. காரணம் அவ்வளவுதான். அது நியாயமான காரணம் என்று எட்வேட்டுக்கும் தெரியும். தெரிந்தது அவருக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

கைபேசி ஓயாமல் அடித்தது. வாட்ஸ்அப் குழுவில் நங்கூர ரசிகர்கள் கொதித்தார்கள். ‘துரோகி’ என்று ஒருவன் எழுதினான். ‘டேய், எட்வேட் அண்ணனும் இதுக்குள்ளதான் இருக்கிறார்’ என்று இன்னொருவன் எழுத, முதலாமவன் அவசரமாக அழித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டான்.

நாலு மணிபோல நங்கூரத்தின் செயலாளர் லக்சன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் இருந்து இறங்கிய ஆளைக் கண்டதும் செய்தி கேட்டுக் கொட்டிலைச் சுற்றிக் கூடியிருந்த ரசிகர்கள் விலகி வழிவிட்டார்கள். இளம்பிறையின் தடுப்பாளன் நிப்ராஸ். ஆறடி. றெனால்டின் இடத்துக்கு ஒரு ஆள் தேடிப் போன லக்சன், இந்தப் பக்கம் கோல் விழாமல் பார்க்கவாவது ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று கூட்டிவந்திருந்தான்.

“கையெழுத்து வைக்கிறாராம் அண்ணன். ஆனா அதுக்கு முந்தி உங்களோட கதைக்கோணுமாம்.”

நிப்ராஸுக்கு எட்வேட் வைத்திருந்த பெயர் ‘பெருக்கமரம்’. பள்ளிமுனையில் நிற்கிறதே, பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அந்தக் கிழட்டு மரம், அதுதான். நிப்ராஸும் நின்றால் அசையமாட்டான்.

“எட்வேட் அண்ணன், என்ர மகள் அப்ரா மூண்டாம் வகுப்புப் படிக்கிறா,” என்றான் நிப்ராஸ். “பள்ளிக்கூடத்தில பெருக்கமரத்தின்ர மகள் எண்டுதான் கூப்பிடுறாங்க. போன கிழமை ரீச்சரும் வாய்தவறிக் கூப்பிட்டுட்டா. அந்தப் பேரை நீங்க எடுத்தாத்தான் நான் கையெழுத்து வைப்பன்.”

“தம்பி, அது பெருமையான மரமெல்லோ. வெள்ளைக்காரன் கப்பலேறி வந்து படமெடுக்கிறான்.”

“அவ்வளவு பெருமையெண்டா உங்கட மகனுக்கு வைங்க.”

இன்னும் போகாமல் நின்ற முனவ்வர் கைதட்டினார். நங்கூரத்துக்காரர் சிலரும் தங்களை மறந்து தட்டிவிட்டார்கள்.

எட்வேட் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தார். பெயர் வைத்தவனின் கூலிதான் சிரிப்பு. பெயரைச் சுமந்து பள்ளிக்கூடம் போகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை. கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினார். கிட்டப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை.

“நான் எட்வேட் கதைக்கிறன். இண்டையில இருந்து நிப்ராஸ் தம்பிக்குப் பேர் நிப்ராஸ். வேற பேரில்லை. பெருக்கமரம் மரமாவே நிக்கட்டும். விளங்கிச்சோ?”

நிப்ராஸ் சிரித்தான். லக்சன் அவனை ஏற்றிக்கொண்டு பறந்தான். கந்தோர்க் கதவு பாதி சாத்தியிருந்தபோது கையெழுத்து விழுந்தது.

குழுவில் பட்டாசுப் படங்கள் வெடித்தன. அவற்றுக்கு நடுவே யாரோ ஒருவன் கேட்டான்: ‘அப்ப றெனால்டுக்கு என்ன பேர்?’

அந்தக் கேள்வி அதன்பின் அவரை விடவில்லை. எஞ்சின் கொண்டுவருகிறவன் கேட்டான். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் கேட்டார்கள். எதிரணிக்காரன் எவனையும் விட்டுவைக்காத மனிதர் சொந்த மகனை மட்டும் விட்டால், இத்தனை வருடம் வைத்த பெயர்களெல்லாம் வெறும் வன்மமாகிவிடும். வைத்தாலோ, பெயர் சாகும்வரை ஒட்டும். அது எட்வேட்டைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

வீட்டில் மனைவி திரேசம்மா தெளிவாகச் சொன்னா.

“என்ர பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில பேர் வைச்சாச்சு. அதுக்கு மேல ஒண்டு வைச்சீங்களெண்டா இந்த வீட்டில உங்களுக்குச் சோறில்லை.”

றெனால்ட் சிரித்தான். “வைக்கட்டும் அம்மா. அப்பா, வைக்கிறதெண்டா நல்லதா ஒண்டு வைங்கோ. சும்மா பூனை, எலி எண்டு வைச்சு மானத்தை வாங்காதேங்கோ.”

“வாயை மூடடா, துரோகி,” என்றார் எட்வேட். குரலில் கோபம் இருக்கவில்லை. தேடினால் கவலை அகப்பட்டிருக்கும்.

வேலை செய்தபடி பெயர்களைப் பரீட்சித்தார். ‘காத்தாடி’ என்று முணுமுணுத்தார். பொருந்தவில்லை. ‘ஓட்டை எண்ணெய்த் தாங்கி’ என்றார். மகனின் சின்ன வயது முகம் வந்து குறுக்கே நின்றது. விட்டுவிட்டார்.

நங்கூரமும் இளம்பிறையும் மோதும் நாள் வந்தது. பதற்றத்தில் றெனால்ட் காலையிலிருந்து எதையும் தொடவில்லை. புட்டும் மீன்குழம்பும் மேசையில் மூடியபடி இருக்க, உதைபந்துச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திரேசம்மா எட்வேட்டிடம் புலம்பினா. எட்வேட்டும் சாப்பிடாமலே மைதானத்துக்குப் போனார்.

தன் வழமையான இடத்தில், நங்கூரத்துக்காரர் மத்தியில் நின்றார். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் றெனால்டிடம் பந்து வந்தது. நடுவால் ஓடினான். எதிரே நிப்ராஸ். நங்கூரப் பக்கம் சத்தத்தை நிறுத்தி எட்வேட்டைப் பார்த்தது. எதிர்ப்பக்கத்தில் முனவ்வரும் வாயை மூடிக்கொண்டார். பெயர் விழப்போகிறது.

எட்வேட் வாயைத் திறந்தார். தேடிவைத்த ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

“றெனால்ட்! சாப்பிட்டியோடா?”

றெனால்ட் திரும்பிவிட்டான். அதோடு நிற்காமல், “இல்லையப்பா!” என்று பதிலும் சொன்னான்.

அந்த இடைவெளியில் நிப்ராஸ் பந்தைக் கொண்டுபோய்விட்டான்.  பிறகு இரு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் விசிலைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

பிற்பாதியில் றெனால்ட் ஒரு கோல் அடித்தான். நங்கூரத்துக்கு எதிரான கோல் என்பதால் எட்வேட் கைதட்டவில்லை. இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. பை துடித்துக்கொண்டிருந்தது.

‘சாப்பிட்டியோ’ ஒட்டிக்கொண்டது. எந்தக் கழகத்தோடு ஆடினாலும் றெனால்டிடம் பந்து போனால் கோட்டோரம் முழுக்கக் கேட்டது. திரேசம்மா மட்டும் அதைப் பெயராக ஒப்புக்கொள்ளவில்லை. அது தேவையான கேள்விதானே என்றா. எட்வேட்டுக்குச் சோறு நிற்கவில்லை.

அடுத்த மாசியில் எட்வேட் இறந்தார். இருதயம். அடக்கத்துக்கு இரண்டு கழகமும் சீருடையில் வந்தன.

அதன்பின் இரு கழகமும் சந்தித்த முதல் ஆட்டத்தில், றெனால்டிடம் பந்து வந்தபோது மைதானம் அமைதியாக இருந்தது. மரியாதைக்காக. றெனால்ட் பந்தைக் காலுக்குக் கீழ் நிறுத்தினான். எதிரே நிப்ராஸும் நின்றான், பறிக்க வரவில்லை.

“என்ன, ஒருத்தரும் கேக்கமாட்டியளோ?”

முனவ்வர்தான் முதலில் கேட்டார். குரல் பாதியில் உடைந்தது. மற்றப் பாதியை நங்கூரப் பக்கம் கேட்டது, எட்வேட்டின் சத்தத்தில்.

“ஓம், சாப்பிட்டன்!” என்று கத்திவிட்டு றெனால்ட் ஓடினான்.