ஜீப் சைலன்சரும் சுமதியின் மாடும்

1. ஜீப்பா, மாடா

வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தம் வந்துவிட்டது. கரும்பு வெட்டு நடக்கிற நேரம், பட்டறை வாசலில் டிராக்டர்கள் நின்றன. அந்த டிராக்டர்களையெல்லாம் ஓரம் தள்ளுவது மாதிரி ஒரு உறுமல். பின்னாலேயே பழைய டீசல் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் கலியமூர்த்தி, சோரியாங்குப்பம். பக்கத்தில் அவர் சம்சாரம் சுமதி, மடியில் காலிப் பால்கேனை வைத்துக்கொண்டு.

பாகூரில் எங்கள் பட்டறை சைலன்சர் பட்டறை. பைப் வளைப்பது எங்கள் வீட்டுக்காரர், வெல்டிங் நான். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குப் பைப்பைப் பிடித்துக் கொடுக்கத்தான் பட்டறைக்குள் போனேன். பிடித்துக்கொண்டே எத்தனை நாள் சும்மா நிற்பது, பற்றவைக்கவும் கற்றுக்கொண்டேன். எனக்குப் படிப்பு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். ஆனால் நான் வைத்த பற்று விட்டுப்போச்சு என்று ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சுமதி இறங்கினதும் இறங்காததுமாக ஆரம்பித்தாள்.

"பெரிம்மா, நீங்களே கேளுங்க. இந்த மனுசன் தெனம் சாயங்காலம் பால் கறக்குற நேரமா பாத்து இப்பிடி ஊதிக்கினு வராரு. தலைஈத்து மாடு. சத்தம் கேட்டா மெரண்டு பால அடக்கிக்குது. சொசைட்டிக்கு இன்னாத்த ஊத்தறது?"

"சேத்துல போற வண்டி பெரிம்மா. சத்தம் இல்லாம இன்னா பண்ணும்?" என்றார் கலியமூர்த்தி.

"அப்ப நீ சேத்துலயே இரு. வூட்டுக்கு ஏன் வர?"

எங்கள் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "மாட்டுக் காதுல பஞ்சு வச்சிப் பாத்தியாம்மா?"

"மொதல்ல ஒங்க வாயில வைக்கணும்" என்றேன். வேலை நேரத்தில் இவருக்கு இதுதான் பழக்கம்.

விஷயம் சிரிப்பானதில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது பால் காசில். சுமதி முடிவாகச் சொல்லிவிட்டாள்: ஒன்று ஜீப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடு இருக்க வேண்டும், மாட்டை அவள் விற்க மாட்டாள். ஜீப்பைப் பார்க்க ஒரு ஆள் வந்துவிட்டுப் போயும் ஆயிற்று. கலியமூர்த்தியின் கை பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தது. ஓடாமல் கிடந்த வண்டியை வாங்கி, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து எழுப்பிய மனுஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் ஜீப்காரர்கள் கூடிச் சேற்றில் ஓட்டுவார்கள். வாரம் முழுக்க அவர் உயிர் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கும்.

2. ஒரு பைப், இரண்டு வாய்

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வரப்பில் இடிக்கிறது என்று பழைய சைலன்சரையே கழற்றிவிட்டு, வெளியூரில் யாரோ நேர் பைப் வைத்திருந்தார்கள். அதுவும் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. புகை பாதி வண்டிக்குள்தான் வரும்.

"ரெண்டுமே வேணும், அவ்ளோதானே?" என்றேன். "வூட்டுல வாயத் தொறக்கக் கூடாது. சேத்துல தொறக்கணும்."

"ஆம்பளைங்களுக்கும் அப்பிடி ஒண்ணு வச்சிக் குடுங்க பெரிம்மா" என்றாள் சுமதி.

சைலன்சரைச் சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினோம். அதற்குப் பைப் நன்றாக வளைய வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பைப்புக்குள் ஆற்று மணலை நிரப்பித் தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, சூடு காட்டி வளைப்பார். மணல் இருந்தால்தான் பைப் நசுங்காது. அந்த மணலை முதலில் சட்டியில் போட்டு வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவி கிளம்பி, அடித்த கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். வறுக்கிற வேலை மட்டும் என்னுடையது. அவர் வறுத்தால் பாதியில் எடுத்துவிடுவார்.

சைலன்சருக்கு முன்னால் பைப்பில் ஒரு கிளை வைத்து, அதன் வாய்க்கு ஒரு மூடி போட்டேன். மூடியிருந்தால் புகை சைலன்சர் வழியாக அமைதியாகப் போகும். திறந்தால் நேராக வெளியே. டிராக்டர் புகைக்குழாய்க்கு மழை மூடி செய்து செய்து பழகிய கை என்பதால் கீல் எனக்குப் புதிதில்லை. கீலில் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் கருகிப் பிசினாகி மூடியைப் பிடித்துக்கொள்ளும். பழைய பேட்டரிக்கட்டையை உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்குச்சியைப் பொடித்துப் போட்டால் சூட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். மூடியை இழுக்க வெறும் எஃகுக் கம்பி. அதன் கைப்பிடியை, கலியமூர்த்தி கேட்டபடி, ஸ்டீயரிங் பக்கம் வைத்தேன்.

ஈரத்துணியால் பின்பைப்பை அடைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு பற்றிலும் கை காட்டிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை.

"ரோட்டுல மூடிக்கினுதான் போவணும். போலீஸ் புடிச்சா என் பேரச் சொல்லாத" என்று அனுப்பினேன்.

3. கைப்பிடி இடம் மாறியது

மறுவாரமே சுமதி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"மூடறதே இல்ல பெரிம்மா. வாசப்படி வரைக்கும் தொறந்துக்கினேதான் வராரு. கேட்டா மறந்துட்டேன்றாரு. நேத்து மாடு ஒதைச்சி கேன் உருண்டு போச்சு. வண்டி பாத்துட்டுப் போன ஆள வரச் சொல்லிட்டேன்."

"மறந்துட்டானாம்" என்று சிரித்தார் எங்கள் வீட்டுக்காரர். "நான் பீடிய வுட்ட கதைதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி கைவிட்டுப் போனால் கலியமூர்த்தி அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்க வரும் ஆளை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஜீப்பைக் கொண்டுவரச் செய்தேன்.

கைப்பிடியை அறுத்து எடுத்தேன். கம்பியை இடது பக்கம் திருப்பி, பக்கத்து சீட்டில் உட்காருகிறவரின் இடது கை எட்டுகிற இடத்தில், கதவோரமாக வைத்தேன். மூடிக்கு ஒரு ஸ்பிரிங்கும் போட்டேன். இழுத்துப் பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும். கையை விட்டால் மூடிக்கொள்ளும்.

கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். ஓட்டுகிற சீட்டிலிருந்து எட்டவில்லை.

"பெரிம்மா, ஓட்டறது நானு."

"ஓட்டு. யாரு வாணாம்னாங்க? சத்தம் வேணும்னா இவள ஏத்திக்கினு போ."

"நானா? சேத்துக்கா?" என்றாள் சுமதி. "எனக்கு வேற வேல இல்லியா?"

"ஒரு ஞாயித்துக்கெழம போய்ப் பாரு. அப்பவும் ஆவலன்னா வித்துடுங்க. நானே வந்து சொல்றேன்."

அவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். விட்டாள். டப்பென்று மூடியது. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

4. ஆற்றங்கரை

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரோடு மொபெட்டில் போனேன். என் வேலை சேற்றில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

முன்னால் போன வண்டிகள் கரையேறிவிட்டன. கலியமூர்த்தி ஜீப் பாதி மேட்டில் முக்கிக்கொண்டு நின்றது. சக்கரம் சேற்றை வாரி அடித்தது.

"சுமதி, இழு!"

"கெஞ்சிக் கேளு!"

"யம்மா தாயே, இழும்மா!"

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சுமதி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி அடிவயிற்றிலிருந்து கத்தியது. மூடி திறந்தால் இஞ்சினுக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும், அது உண்மை. மீதி தைரியம் ஓட்டுகிறவன் மனசுக்குத்தான். எதுவானாலும் ஜீப் உறுமிக்கொண்டே மேடேறி நின்றது. சுமதி முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மேலே ஏறிய பிறகும் அவள் கைப்பிடியை விடவில்லை. கலியமூர்த்திதான், "போதும்மா, காது போவுது" என்றார்.

ரோட்டில் ஏறும்போது கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போனது எங்களுக்கே கேட்கவில்லை. சாயங்காலம் சுமதி போன் செய்தாள். மாடு பாலை இறக்கிவிட்டது, வாங்க வந்த ஆள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சைலன்சர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டிக்கு அடியில் படுத்து அளவு எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. இந்த வண்டி போய் நிற்கிற வாசலில் யார் காது இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் அதைச் சொல்ல மாட்டார். பக்கத்து சீட்டில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். பற்று விட்டுப்போச்சோ என்று பார்த்தேன். அதெல்லாம் இல்லை. சுமதி வண்டியிலிருந்து இறங்கி என் காதருகே வந்தாள்.

"பெரிம்மா, அந்தத் தொறக்குற வாய் கொஞ்சம் சின்னதா இருக்கு. இன்னும் பெருசா வச்சா இன்னும் சத்தம் வரும் இல்ல?"

"மாடு?" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த கலியமூர்த்தி, திடுக்கிட்டுப்போய்.

"மாட்ட நான் பாத்துக்கறேன். நீ ஒழுங்கா ஓட்டக் கத்துக்க."

எங்கள் வீட்டுக்காரர் பெரிய அளவு பைப் எடுக்க உள்ளே போனார். நான் மணல் வறுக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.