நிலம் ஆடியபோது நான் கிணற்றுக்குள்

அன்றைக்கு இருந்தவர்கள் இவ்வளவுதான். கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மச்சினன், மனைவியின் தம்பி. மண் வாளியை வாங்கிக் கொட்ட என் கூட்டாளி. சிமெண்டு உறை வார்ப்பதும் அவன்தான். வீட்டுக்குள் அடுப்படியில் வீட்டுக்கார அம்மா. கிணற்றுக்குள் நான்.

இடம் மலாக்காவில் காஜா பேராங். வீட்டுக்கார அம்மா மலாக்காச் செட்டி. கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். நாங்கள் மரியாதைக்குப் பீபி என்று கூப்பிடுவோம். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், ஆகி ஒன்றிரண்டு வருடம் இருக்கும். வாசலில் கட்டிய காகிதக் கொடி வெளுத்துப்போய் இன்னும் தொங்கியது. குழாய்த் தண்ணீர் அந்தச் சந்துக்கு வரவில்லை. பழைய கிணறு உப்புக் கரித்தது. புதுக் கிணறு போடச் சொன்னார்.

உறைக் கிணறு தோண்டும் விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உறையை வைத்து, அதற்குள் இறங்கி, அதன் காலடி மண்ணைப் பறிக்க வேண்டும். உறை தன் பாரத்தில் கீழே போகும். மேலே அடுத்த உறையை வைப்போம். ஓர் உறை இரண்டடி. கயிற்றில் உறைக்கு ஒரு முடிச்சு போட்டிருப்போம், ஆழம் பார்க்க. அன்றைக்குப் பதினான்கு உறை இறங்கியிருந்தது. நான் இரண்டே முக்கால் உறை உயரம்.

மேலே பேசுவது கீழே கேட்கும். கீழே இருப்பவன் சொல்வது, யாராவது எட்டிப் பார்த்தால்தான் மேலே புரியும். அதனால் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் வாளியைத் தூக்கு. மூன்று இழுப்பு என்றால் ஆளைத் தூக்கு.

மாசி மகம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் காவடிக்கு விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. அதற்கு முதல் நாள் மச்சினனுக்குத் தலை சுற்றி, வாளியை விட்டுவிட்டான். நான் அவனை ரம்புத்தான் மரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"காவடி நீ எடுக்க வேணாம். காவடியில உன்னை வச்சு நாங்க எடுக்கறோம்."

கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சொல் மறுநாள் எனக்கே வந்து நின்றது.

காலை பத்து மணிக்கு மேல் இருக்கும். குனிந்து மண் பறித்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். உடம்பு ஒரு பக்கம் சாய்வது போல இருந்தது. உறையில் கை வைத்தேன். விரதம்தான் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் சாய்ந்தது.

திறந்து பார்த்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஏறிப்போய், திரும்பி மறுபக்கம் ஏறியது. தவலையைத் தலையில் வைத்து நடந்தால் உள்ளே தண்ணீர் அலம்புமே, அப்படி. நான் காலை அசைக்கவில்லை.

மேலே பார்த்துக் கத்தினேன்.

"அங்க ஏதும் ஆடுதா?"

பிறகு கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆடலை அண்ணே. நேத்து மச்சினன், இன்னைக்கு மாமா. குடும்பமே காத்துல ஆடுது லா."

மச்சினனைக் கேட்டேன். அவனும் இல்லை என்றான்.

கை கயிற்றில் இருந்தது. மூன்று இழுப்பு இழுத்தால் போதும். இழுக்கவில்லை. முதல் நாள் நான் சொன்னதை நானே கேட்க வேண்டிவரும். அதற்கு வெட்கப்பட்டு நின்றேன். இதை எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் ஆடுவது நிற்கவில்லை. பிறகு பாதத்தில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். மணல். கஞ்சி கொதிக்கும்போது நடுவில் குமிழ் வருவது போல் அடியிலிருந்து மணல் பொங்கியது. பதினாறு வருடம் கிணறு தோண்டியவன் நான். மணல் கீழே போகும். மேலே வந்து பார்த்ததில்லை. இரண்டு பாதமும் மூடிவிட்டது. ஒரு காலை உருவினேன். மற்றது உள்ளே போனது.

அம்மனைக் கூப்பிட்டேனா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. மனைவியையும் நினைக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கை நடுங்கினால் மேலே அது இழுப்பாகத் தெரியுமா என்று ஒரு யோசனை ஓடியது. தெரியக்கூடாது என்றும் நினைத்தேன், தெரிய வேண்டும் என்றும் நினைத்தேன்.

அப்போது மேலே பீபியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. ஆனால் வேகமாக.

"லம்பு கோயாங். சுரு டியா நாயேக்."

விளக்கு ஆடுகிறது, அவனை ஏறச் சொல் என்றார். நடு வீட்டில் சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. காற்றில்லை, கதவு சாத்தியிருக்கிறது, விளக்கு மட்டும் ஆடுகிறதாம். கூட்டாளி எங்கள் விரதத்தைச் சொல்லிச் சமாளித்தான் போலிருக்கிறது. என் விளக்குமா விரதம் இருக்கிறது என்று பீபி திருப்பிக் கேட்டார்.

நான் மூன்று முறை இழுத்தேன். அதற்கு முன்பே கயிறு விறைத்துவிட்டது.

கயிற்று நுனியில் கால் வைக்கும் வளையத்தில் ஒரு கால்தான் இருந்தது. மற்ற கால் மணலில். இழுத்த இழுப்பில் இடுப்பு பிய்வது போல் வந்தது. மண்வெட்டி கீழேயே போயிற்று. ஏறும்போது நாங்கள் மேலே பார்ப்பதில்லை, கண்ணில் மண் விழும். உறையின் பொருத்துகளை எண்ணிக்கொண்டே வருவோம். அன்றைக்கும் எண்ணினேன். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. அதற்குப் பிறகு எண் மறந்துவிட்டது. கீழே அரிசி மூட்டையைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். பார்க்கவில்லை.

மேலே வந்து தரையில் உட்கார்ந்தேன். தரையையும் நம்ப முடியவில்லை. எழுந்து நின்றேன். மச்சினன் கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தது.

"எனக்கும் சுத்துச்சு மாமா."

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா சிரிப்பீங்க."

கூட்டாளி வேறு பக்கம் பார்த்தான். அவனுக்கும் சுற்றியிருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சுற்றியது. மூன்று பேரும் அவரவர் வெறும் வயிறு என்று நினைத்து மறைத்தோம்.

மறுநாள் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். பாய் தினமும் பேப்பர் படிப்பவர். சுமத்ராவில் நிலநடுக்கம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் ஆடினால் இங்கே எப்படி வரும், நடுவில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே என்று கேட்டேன்.

அவர் என் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். நீள மேசை. அந்தக் கோடிக்குப் போய் ஒரு குத்து விட்டார். கிளாசில் தண்ணீர் நடுங்கியது.

"கடல் மேல கிடக்குது தம்பி. அடியில மேசை ஒண்ணுதான்."

எங்களுக்கு ஏன் தலைசுற்றல் போல இருந்தது என்று கேட்டேன்.

"பக்கத்துல ஆடுனா உதறும். தூரத்துல ஆடுனா தாலாட்டும்."

திரும்ப வருமா என்று கேட்டேன். அது பேப்பரில் போடவில்லை என்றார்.

அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. அதுவரைக்கும் சுமத்ரா எனக்கு வெகு தூரம். அன்றிலிருந்து தூரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் பீபி ஆள் அனுப்பினார். கிணறு பாதியில் நிற்கிறது, இறங்குவாயா மாட்டாயா என்று. தான் இறங்குவதாகக் கூட்டாளி சொன்னான். சத்தம் பெரிதாக இருந்தது, கால் நகரவில்லை. மச்சினன் கையில் துணி சுற்றியிருந்தான். முதலில் ஆழம் பார்ப்போம் என்றேன்.

உள்ளே தண்ணீர் ஏறிக் கலங்கிக் கிடந்தது. அடி தெரியவில்லை. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி விட்டேன். கல் தட்டி நின்றது. கயிறு தொய்ந்தது. உருவி எடுத்து, பதினான்கு இருக்க வேண்டிய முடிச்சுகளை எண்ணினேன். மச்சினனிடம் கொடுத்து அவனையும் எண்ணச் சொன்னேன். கூட்டாளியும் எண்ணினான்.

ஒன்பது.