ஒரே தோல்வி, இரண்டு கழகங்கள்

போன வாரம் என் வாட்ஸ்அப்புக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்தன. இரண்டிலும் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பெயர். ஒரே சின்னம். ஒரே சுற்றுக்கிண்ணம். ஒரே சனிக்கிழமை. மைதானம் மட்டும் வேறு... ஒன்று ஒஸ்லோவின் ஒரு கோடியில் ரொம்மனில், மற்றது மறு கோடியில் ஹவுகெட்டோவில்.

ஒன்றை அனுப்பியவர் என் வீட்டுக்காரர். மற்றதை அனுப்பியவன் என் கூடப்பிறந்த தம்பி.

இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான் — ‘அனைவரும் ஒற்றுமையாக வருக!’

மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் ஒஸ்லோவில் கழகம் தொடங்கியபோது எங்களிடம் ஒழுங்கான பந்துகூட இல்லை. இன்று பந்து இருக்கிறது, வலை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கும் அணி இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சண்டை பிடிக்க நேரமும் வந்துவிட்டது. சண்டை எதற்கு? போன வருடப் பரிசளிப்பில் முதல் பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்று தொடங்கியது. பொன்னாடை போர்த்தப்பட்ட மனிதர் அன்றே அதை மண்டபத்துக் கதிரையில் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டையை மட்டும் நாங்கள் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்றிலிருந்து கழகம் இரண்டாகிவிட்டது, தம்பி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் குடும்பத்தோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவன். இப்போது கோவிலில்கூட அவன் வலப்பக்க வாங்கில், என் வீட்டுக்காரர் இடப்பக்க வாங்கில். ‘சமாதானம் உங்களோடு இருப்பதாக’ என்று எல்லோரும் கை கொடுக்கும் நேரத்தில் இரண்டு பேரும் குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்ப்பார்கள்.

என் மகள்தான் கேட்டாள். “அம்மா, நானும் மாமாவின்ரை மகள் ஆனும் எந்த லாகிலை விளையாடுறது? அவளோட எதிரா என்னால விளையாட ஏலாது. அது ஹெல்ட் இடியோட்டிஸ்க்!”

லாக் என்றால் அணி; மற்றது, முழு முட்டாள்தனம் என்று நொர்ஸ்கில், அதாவது நோர்வே மொழியில், சொல்கிறாள். நான் மறுக்கவில்லை.

எங்கள் போட்டிகளுக்கு எப்போதும் ஒரே மத்தியஸ்தர்தான். எமிர். பொஸ்னியாக்காரர், அறுபதைத் தொடுகிற வயது. தமிழன் ஒருவன் விசில் ஊதினால், ‘இவன் எந்த ஊர், இவன்ரை மனிசி எந்த ஊர்?’ என்று ஆராய்ச்சி தொடங்கிவிடும். எமிருக்கு எங்களில் ஒருவரும் சொந்தமில்லை. ஆகவே அவர் பெனால்டி என்றால் பெனால்டிதான். இத்தனைக்கும் அவர் தொழிலில் பல் வைத்தியர். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேரின் வாய் அவருக்கு அத்துப்படி. களத்தில் அவரோடு ஒருவரும் அதிகம் வாதாடாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த முறை இரு பக்கமும் தனித்தனியே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரு பக்கத்துக்கும் அவர் முடியாது என்றுவிட்டார்.

எனக்கு ஒரு கடைவாய்ப் பல் தொந்தரவு. போய் அவருடைய நாற்காலியில் சாய்ந்தேன். ஊசி போட்டார். பாதி முகம் மரத்துப் போனது. நான் வாய் மூடாத மனுசி என்பது உங்களுக்குத் தெரியும்... அன்று வாய் திறந்தே இருந்தது, ஒரு சொல்கூட வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் தன் கதையைத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். நொர்ஸ்கில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“எங்கள் ஊரிலும் ஒரு கழகம் இருந்தது” என்றார்.

கழகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார். எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் கோபிக்குமாம். எனக்கா அது புரியாது? எங்கள் கழகத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லையே!

நடுவே ஆறு ஓடும் சின்ன ஊர். காகித ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம். முதல் சட்டைகளை ஆலைச் சாக்குத் துணியில் தைத்தார்களாம். வியர்த்தால் உடம்பெல்லாம் அரிக்கும், அரிப்புத் தாங்காமல்தான் அந்தக் காலத்தவர்கள் அவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்று ஊரில் பகிடி. மைதானம் ஆற்றங்கரையில். பந்து ஆற்றில் விழுந்தால் எடுத்துவர ஒரு படகுக்காரர். அணியில் மசூதிக்குப் போகிறவர், இரண்டு விதத் தேவாலயங்களுக்குப் போகிறவர், எங்குமே போகாதவர் எல்லோரும் இருந்தார்கள். எமிர் வலப்பக்கப் பின்வரிசை. கோல் கீப்பர் கோரான். ஒரே தெரு, ஒரே வகுப்பு.

கழகத்தின் வரலாற்றிலேயே பெரிய நாள் ஒன்று வந்தது. கிண்ணப் போட்டியில் தலைநகரத்தின் பெரிய அணி இவர்கள் ஊருக்கே வந்து ஆடியது. ஆலையை மூடிவிட்டு ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஆட்டம் முடியப்போகிற நேரம், இன்னும் கோல் இல்லை. எமிர் பந்தைப் பின்னுக்குக் கோரானிடம் தட்டினார். நடுவே எதிரணிக்காரன் ஒருவன் புகுந்தான். கோல். தோல்வி.

“என் பாஸ் குட்டை என்று அவன் சொன்னான். அவன் முன்னுக்கு வந்தது பிந்தி என்று நான் சொன்னேன். ஒவ்வொரு நாள் கோப்பிக்கும் இதே வழக்குத்தான். எங்களுக்கு அது அலுக்கவே இல்லை.”

பிறகு யுத்தம். பாலம் உடைந்தது. எமிரின் ஆட்கள் இந்தக் கரை, கோரானின் ஆட்கள் அந்தக் கரை. பார்வையாளர் வாங்குகளைக் குளிர்காலத்தில் விறகாக எரித்தார்கள். எமிர் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். யுத்தம் முடிந்து பாலமும் கட்டினார்கள். ஆனால் கழகம்? இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே பிறந்த வருடம். அந்தப் பெரிய தோல்வியை இரண்டு கழகமும் தன்னுடையது என்று பெருமையாக எழுதி வைத்திருக்கின்றன.

“இந்தக் கரை எழுதிய வரலாற்றில் கோரான் இல்லை. அந்தக் கரை எழுதியதில் நான் இல்லை. அப்படியென்றால் அந்தக் கோலை விட்டது யார்?” என்று சிரித்தார்.

நான் சிரிக்க முயன்றேன். பாதி முகம்தான் சிரித்தது.

கழகத்துக்கு ஆண்டு விழா வந்தபோது — இரண்டு விழாக்கள்தான், வேறென்ன — கோரான் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். “வா. விழாவுக்கு வராவிட்டாலும் வா. வந்து உன் பாஸ் குட்டைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போ.”

எமிர் சொன்ன பதில்: “இரண்டும் ஒன்றாகட்டும். அன்றைக்கு வருகிறேன்.”

இதைச் சொன்னபோது கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டார்.

போன குளிர்காலத்தில் கோரான் மாரடைப்பில் போய்விட்டார். அப்போதுதான் எமிர் ஊருக்குப் போனார். இரண்டு கழகங்களும் மலர்வளையம் அனுப்பியிருந்தன. ஒரே நிறம், ஒரே சின்னம், பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்களாம். கோரானின் மனைவி எமிரின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: “அந்தப் பாஸ் சரியாகத்தான் வந்தது, நான்தான் பிந்திவிட்டேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.”

“என்னிடம் அதைச் சொல்லவேயில்லை” என்றார் எமிர். “நானும் சொல்லவில்லை. பாஸ் குட்டைதான். அடித்த அந்த நொடியே எனக்குத் தெரியும். கழகங்கள் ஒன்றாகட்டும் என்று காத்திருந்தேன். கழகங்கள் நூறு வருடம் இருக்கும். மனிதர்கள் அவ்வளவு நாள் இருக்க மாட்டார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?”

எனக்குக் கண் கலங்கியது. பல் வலி என்று நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

“உங்கள் வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்” என்றார். “சேர்ந்து கூப்பிட்டால் ஓடி வருவேன். தனித்தனியாக என்றால் வேண்டாம். இன்னொரு முறை இதைப் பார்க்க என்னிடம் தெம்பு இல்லை.”

வீட்டுக்கு வந்தேன். வாய் இன்னும் சரியாகத் திரும்பவில்லை, ஆனாலும் பொறுக்க முடியவில்லை. குழறிக் குழறி என் வீட்டுக்காரருக்கு முழுக் கதையையும் சொன்னேன். மனுசன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும் மூக்கை உறிஞ்சினார்.

“பாவம் மனுசன்... ஒரு சொல்லு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், என்ன?”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கணவாய்க் கறியா, நண்டா என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

“நீர் ஒண்டு செய்யும்” என்றார். “இந்தக் கதையை உம்மட தம்பிக்குப் போய்ச் சொல்லும். அவனுக்குத்தான் இது விளங்கோணும்.”

அடுத்த நாளே ரயிலேறி ஹவுகெட்டோவுக்குப் போனேன். தம்பி தேத்தண்ணி போட்டுத் தந்தான். ஆறவிட்டபடி கதையைக் கேட்டான். மலர்வளையங்கள் வந்த இடத்தில் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றான். சின்ன வயதிலிருந்தே அவன் அழுதால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அழுவான்.

“அக்கா, உண்மையா நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது” என்றான். “ஆனா இதை நீங்கள் இஞ்சை வந்து எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அத்தானுக்கெல்லோ சொல்லோணும்!”

நாளை மறுநாள் சனிக்கிழமை. ரொம்மனிலும் விசில் ஊதும், ஹவுகெட்டோவிலும் ஊதும். ஊதப்போவது எமிர் இல்லை. என் மகளும் ஆனும் ஒருவருக்கொருவர் எதிராக ஆட வேண்டியதில்லை. வேறு வேறு மைதானத்தில் ஆடப்போகிறார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை.

என்னுடைய இந்த வாரப் பத்தியை இரண்டு பக்கமும் வாசிக்கும், எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் உருகும். உருகிய கையோடு... மற்றப் பக்கத்துக்கு ஃபார்வர்ட் பண்ணிவிடும்!